வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

நம் தமிழ்த்துறைகள் பலவற்றிலும் கணிப்பொறி ஒன்று இருக்கின்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பெற்றது, மெதுவாக இயங்குவது. ஆயினும் அதனுள் இருப்பவை எளியவை அல்ல. கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்னும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகைகளைச் சார்ந்த பழம்பதிப்புகளை ஊர்ப் பெரியவர்களின் இல்லங்களிலிருந்து இரவலாகப் பெற்று மாணவர்கள் தட்டச்சு செய்து வைத்த படிகள், அரபுத்தமிழிலிருந்து தமிழ் எழுத்துக்கு மாற்றப்பெற்ற பாடல்கள், இளமுனைவர் பட்ட ஆய்வேடுகள், முந்தைய ஆண்டுகளின் சிறப்பு மலர்கள் ஆகியன அங்கே அடங்கியுள்ளன. மூலநூல்களுள் சில உரியவர்களிடமே திரும்பிச் சென்றுவிட்டன. சில, தொட்டால் உதிரும் நிலையை எய்திவிட்டன. எனவே அந்தப் பழைய கணிப்பொறியில் இருக்கும் படியே இன்று மூலம் என்று கூறத்தக்க நிலை பல நூல்களுக்கு வாய்த்துள்ளது.

இந்நிலையில் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத தளத்தை இணையத்தில் இணைத்து வைத்தல் தகாது. ஆகவே புதிய தளம் ஒன்றை நிறுவியாக வேண்டும். பழுது நீக்குபவரை அழைத்தால் அவர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றேயாகும்: “பார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம் சார். டி டிரைவுல இருக்கிறது அப்படியே இருக்கும், பயப்படாதீங்க.” இவ்வாக்கில் பாதி உண்மை, மறுபாதியில்தான் இழப்பு இருக்கின்றது. பழையதை அழிக்காமலேயே, வன்தட்டின் வேறொரு பிரிவிலோ வேறொரு வன்தட்டிலோ புதிய இயங்குதளத்தை நிறுவ இயலும் என்பதையும், அதனைச் செய்யும் முறையினையும் ஈண்டுக் காண்போம்.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் மென்பொருள் தொகுதி. அது வன்தட்டில் ஓரிடத்தில் குடியிருக்கின்றது. வன்தட்டு முழுவதும் அதற்கே உரியது அன்று. தந்தை விட்டுச்சென்ற மனையை மக்கள் பாகம் பிரித்து, எல்லைக்கல் நட்டு, அவரவர் பங்கில் தனித்தனி வீடு கட்டிக்கொள்வது போன்று, ஒரே வன்தட்டைப் பல பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இயங்குதளத்தைக் குடியமர்த்தலாம். இந்தப் பாகப்பிரிவினைக்கும் பத்திரம் உண்டு. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் செல்கின்றது என்பதை எழுதிவைக்கும் சிறிய பட்டியலே அப்பத்திரம்.

இதன் வரலாறு சுவையானது. ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி 1981இல் வெளிவந்தபோது அதில் நெகிழ்தட்டுகளே இருந்தன. அவற்றுக்கு ஏ, பி என்னும் எழுத்துகள் வழங்கப்பெற்றன. 1983இல் வந்த எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியில் 10 மெகாபைட் கொண்ட வன்தட்டு இடம்பெற்றபோது அடுத்த எழுத்தாகிய ‘சி’ அதற்கு வாய்த்தது. நெகிழ்தட்டு மறைந்துபோன பின்னரும் ‘சி டிரைவ்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. பிரிவுப் பட்டியலும் அந்த 1983ஆம் ஆண்டிலேயே தோன்றியது. வன்தட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுக்குள் 64 பைட்டே அதற்கு ஒதுக்கப்பெற்றது. ஆகவே நான்கு முதன்மைப் பிரிவுகளுக்குமேல் எழுத இடமில்லை; 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைக் குறிக்கவும் வழியில்லை. எம்.பி.ஆர். எனப்படும் இம்முறைக்கு மாற்றாகப் பின்னர் வந்த ஜி.பி.டி. என்னும் முறையில் விண்டோஸ் 128 பிரிவுகள் வரை ஏற்கின்றது; பட்டியலின் மறுபடி ஒன்றும் தட்டின் இறுதியில் வைக்கப்பெறுகின்றது. பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்திலும் வைத்திருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இந்த ஒப்புமையைச் சற்று நீட்டினால் மற்றோர் உண்மையும் புலனாகும். பத்திரம் கிழிந்தால் நிலம் மறைந்துவிடுவதில்லை. அவ்வாறே, பிரிவு ஒன்றை அழித்துவிட்டால் பட்டியலில் உள்ள வரி மட்டுமே நீங்குகின்றது. சுழலும் பழைய வன்தட்டில், அவ்விடத்தின்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை, கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அத்தகைய நேர்வில் கணிப்பொறியை உடனே நிறுத்திவிட்டு, வேறொரு கணிப்பொறியில் அத்தட்டை இணைத்து, ‘டெஸ்ட்டிஸ்க்’ போன்ற இலவச மென்பொருளால் மீட்க முயலலாம். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைத் தட்டுகளில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. வெற்றிடம் என்று அறிவிக்கப்பெற்ற பகுதியை அத்தட்டு தானே துடைத்துவிடும்.

இனி, ‘டி டிரைவ் அப்படியே இருக்கும்’ என்னும் வாக்கினை ஆராய்வோம். ‘சி’ பிரிவை மட்டும் அழித்து எழுதினால் ‘டி’ பிரிவில் உள்ள கோப்புகள் இருக்கும் என்பது மெய்யே. ஆனால் நம்மவர்கள் ‘டெஸ்க்டாப்’ என்று திரையில் காண்பதும், ‘டாக்குமென்ட்ஸ்’ என்னும் உறையும், வழக்கமாக ‘சி’ பிரிவுக்குள்தான் இருக்கின்றன. திரையில் கண்முன்னே தெரிகின்றது என்பதற்காக அது தனியிடம் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்காகத் திரையிலேயே கோப்புகளைக் குவித்து வைத்திருப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அதனினும் நுட்பமானது எழுத்துருச் சிக்கல். இதனைத் தமிழ் கற்பிப்போர் அன்றி வேறு யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. டிஸ்கி என்னும் முறையும் உடன் வழங்கியது. இவற்றிலெல்லாம் ஆங்கில எழுத்துகளுக்கோ பிற ஐரோப்பிய எழுத்துகளுக்கோ உரிய இடங்களில்தான் நம் எழுத்துகள் குடிவைக்கப்பெற்றன. எழுத்துரு இருந்தால் ‘முஹம்மது’ என்று தோன்றும் சொல், அது இல்லாவிட்டால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தோன்றும்.

எழுத்துருக்கள் எங்கே இருக்கின்றன? ‘சி’ பிரிவில், விண்டோஸ் உறைக்குள், ‘பான்ட்ஸ்’ என்னும் இடத்தில். கோப்போ ‘டி’ பிரிவில். ‘சி’ அழிந்தவுடன் கோப்பு மட்டும் எஞ்சுகின்றது. அதனைப் படிக்கும் கண் போய்விடுகின்றது. வேர்டு கோப்பு வழக்கமாக எழுத்துருவின் பெயரைத்தான் தன்னுள் வைத்திருக்கும், எழுத்துருவை அன்று. நாம் நன்கறிந்த ஆசிரியர் ஒருவரின் ஆய்வேடு இவ்வாறே ஆயிற்று. கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் ‘டி’ பிரிவை அப்படியே திருப்பித் தந்தார். 260 பக்கக் கோப்பும் இருந்தது. ஒரு வரியைக்கூடப் படிக்க இயலவில்லை. அவ்வெழுத்துருவை விற்ற கடையும் அப்போது இல்லை. நண்பர் ஒருவரிடம் அது கிடைக்கும்வரை ஏழு திங்கள் அவர் அலைந்தார்.

ஆதலால் செய்ய வேண்டிய முதற்பணி நிறுவுதல் அன்று, படியெடுத்தல். நம் வாரிசுரிமை நெறியில், இறந்தவரின் கடனையும் மரண சாசனத்தையும் நிறைவேற்றிய பின்னரே பாகம் பிரிக்கத் தொடங்குவர். அம்முறை இங்கும் பொருந்தும். புறத்தே இணைக்கும் வன்தட்டு ஒன்றில் ‘டி’ பிரிவு முழுவதையும், ‘சி’ பிரிவில் பயனர் பெயரில் உள்ள உறையையும், ‘பான்ட்ஸ்’ உறையையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ள இன்றியமையாக் கோப்புகளைப் பழைய தளத்திலேயே திறந்து பி.டி.எஃப். வடிவிலும் சேமித்தல் நலம். அவ்வடிவத்தில் எழுத்துருவும் உடன் பொதியப்பெறுவதால் எங்கும் படிக்கலாம். படியெடுத்த பின் அப்புறத்தட்டை வேறொரு கணிப்பொறியில் செருகிச் சில கோப்புகளையேனும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத படியைப் படி என்று நாம் கொள்வதில்லை.

பிரிவு வேறு, தட்டு வேறு என்பதையும் இங்கே வற்புறுத்துதல் வேண்டும். ‘இ’ பிரிவில் ஒரு படி வைத்திருக்கிறேன் என்று சிலர் நிறைவடைகின்றனர். ஒரே மனையில் மூன்று வீடுகள் இருந்தாலும் ஊரை வெள்ளம் சூழ்ந்தால் மூன்றும் மூழ்கும். தட்டு பழுதானால் அதன் எல்லாப் பிரிவுகளும் ஒருங்கே போகும். தனிப்பிரிவு என்பது இயங்குதளத்தை மாற்றும்போது கோப்புகளைக் காப்பது. தட்டின் பழுதிலிருந்து காப்பது அன்று.

படி கைக்கு வந்தபின் பாகப்பிரிவினைக்கு வரலாம். ஒரே தட்டில் இடம் ஒதுக்குவதாயின், விண்டோஸில் உள்ள ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் கருவியைத் திறந்து, இடம் மிகுதியாக உள்ள பிரிவின்மேல் வலச்சொடுக்கி ‘ஷ்ரிங்க் வால்யூம்’ என்பதைத் தேர்ந்தால் அப்பிரிவு சுருங்கி, யாருக்கும் உரிமையில்லாத வெற்றிடம் ஒன்று பிறக்கும். லினக்சு தளத்திற்கு 25 கிகாபைட் போதும் என்பர். 60 ஒதுக்கினால் வசதி. விண்டோஸ் 11க்குக் குறைந்த அளவே 64 கிகாபைட். நடைமுறையில் 100 வேண்டும். ‘சி’ பிரிவில் பாதிக்குமேல் காலியாக இருந்தும் சிறிதளவே சுருங்குவேன் என்று கருவி கூறுவதுண்டு. நினைவகத்தின் துணையாக விண்டோஸ் வைத்துள்ள சில கோப்புகள் இடம்பெயராதவை. மனையின் நடுவே நிற்கும் கிணற்றைப் போல அவை எல்லைக்கோட்டைத் தடுக்கும். அவ்வேளையில் ‘டி’ பிரிவைச் சுருக்குதல் எளிது. வெற்றிடத்தைப் பெற்றவுடன் மற்றப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் ‘நூல்கள்’, ‘மலர்கள்’ என்றாற்போல் பெயர் சூட்டி, அவற்றின் கொள்ளளவுகளையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாளில் குறிப்பது ஏன் எனின், நிறுவும்போது நாம் பழகிய எழுத்துகள் துணைக்கு வாரா. யு.எஸ்.பி. கோலிலிருந்து இயங்கும் நிறுவு நிரல் ‘சி’, ‘டி’ என்று காட்டாமல் வரிசை எண்களாகக் காட்டும். லினக்சு இன்னும் வேறு பெயர்களில் காட்டும். அங்கே நம்பத்தக்க அடையாளம் கொள்ளளவும் நாம் இட்ட பெயருமே. எங்கே நிறுவுவது என்று கேட்கும் பக்கம்தான் முழுச் செயலிலும் அச்சத்துடன் நிற்க வேண்டிய இடம். உபுண்டு என்னும் லினக்சுத் தளம் மூன்று வழிகளைக் காட்டும்: தட்டு முழுவதையும் அழித்து நிறுவல், விண்டோஸுடன் அருகமைய நிறுவல், நாமே இடம் குறித்தல். முதல் வழியை அறியாது அழுத்தியோர் பலர். விண்டோஸ் நிறுவு நிரலில், முன்பே பெற்ற வெற்றிடத்தை மட்டும் தேர்ந்து ‘நெக்ஸ்ட்’ என்பதை அழுத்த வேண்டும். ‘டிலீட்’, ‘பார்மட்’ என்னும் இரு பொத்தான்களுக்கும் நமக்கும் அங்கே தொடர்பே இல்லை. ‘இது எம்.பி.ஆர். தட்டு, இதில் நிறுவ இயலாது’ என்று நிரல் மறுத்தாலும் மனம் தளர்ந்து பிரிவுகளை அழிக்கலாகாது. கடைகளில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வெளியேறி, பழைய விண்டோஸ் 10இலேயே உள்ள ‘எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.’ என்னும் கருவியால் கோப்புகள் அழியாமல் பட்டியல் முறையை மாற்றிக்கொள்ள வழியுண்டு. அதற்கும் முன்னர்ப் படி இருத்தல் வேண்டும்.

கணிப்பொறியில் இரண்டாவது தட்டு ஒன்றை இணைத்து அதில் நிறுவுவதே நம் கருத்தில் மேலான வழி. பழைய மேசைக் கணிப்பொறிக்கு 240 கிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பொருத்தினால் வேகமும் கூடும். பழைய தட்டு தீண்டப்படாமலும் இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. புதிய தட்டைத்தான் தேர்ந்தோம் என்று நாம் எண்ணியிருக்க, விண்டோஸ் தன் உடைமைகளையெல்லாம் புதிய தட்டில் இறக்கிவிட்டு, கணிப்பொறியைத் தொடக்கிவைக்கும் ‘பூட்’ கோப்புகளை மட்டும் பழைய தட்டில் ஏற்கெனவே உள்ள தொடக்கப் பிரிவில் வைத்துவிடும். வீடு ஒரு தெருவில், வாசற்கதவு மற்றொரு தெருவில் என்பது போன்றதே இது. பின்னொரு நாள் பழைய தட்டு பழுதாகிக் கழற்றப்பட்டால் புதிய தளமும் எழாது. ஆகவே நிறுவுமுன் மின்னிணைப்பை நீக்கி, பழைய தட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு, புதிய தட்டு மட்டுமே இருக்கும் நிலையில் நிறுவ வேண்டும். முடிந்தபின் மீண்டும் இணைத்தால் இரண்டும் தத்தம் வாசலுடன் இருக்கும். கணிப்பொறி எழும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி வேண்டிய தட்டைத் தேரலாம். எந்த விசை என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும்.

எந்தத் தளத்தை நிறுவுவது? 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கின்றது. பத்தாண்டு கடந்த கணிப்பொறிகள் இத்தேர்வில் தேறுவது அரிது. அவற்றுக்கு லினக்சே தக்கது, விலையுமில்லை. தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. ஒரே பக்கத்தில் வலமிருந்து இடமாக அரபியையும் இடமிருந்து வலமாகத் தமிழையும் ஒருங்குறியில் எழுதலாம். அரபுத்தமிழ் ஆய்வாளர்க்கு இஃது ஒரு பேறு. அஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்சும் அடுத்தடுத்த பிரிவுகளில் இருந்தன. எழும்போது இரண்டு பெயர்களைக் காட்டிய அந்தத் திரையை நம் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். கண்டும் இரண்டாவது பெயரைத் தொடாதவரே மிகுதி.

புதியது வந்தபின் பழையது எதற்கு என்னும் வினா எழலாம். நம் பழைய மலர்கள் பேஜ்மேக்கர் மென்பொருளில் அமைக்கப்பெற்றவை. அதன் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. பின்னர் நிறுவனம் அதனைக் கைவிட்டது. அக்கோப்புகளைத் திறக்கப் பழைய தளமும் பழைய எழுத்துருவும் வேண்டும். ஆகவே அப்பிரிவை இணைய இணைப்பின்றி அப்படியே வைத்திருப்போம். எழுத்து வேலைக்கும் இணையத்திற்கும் புதிய தளம்.

இரு குடும்பங்கள் ஒரு மனையில் வாழ்ந்தால் சிறு பூசல்கள் வரும். விண்டோஸில் ‘பாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் வசதி இயங்கினால், நாம் நிறுத்திவிட்டதாக எண்ணும்போதும் அது முழுமையாக நிறுத்தப்படுவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்நிலையில் லினக்சு அப்பிரிவுகளில் எழுத மறுக்கும். அவ்வசதியை நீக்கிவிட வேண்டும். தட்டு ‘பிட்லாக்கர்’ பூட்டில் இருந்தால், எதையும் தொடங்குமுன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்; எண் இல்லையேல் கோப்பு இருந்தும் இல்லாததே. மற்றொன்று நேரம். கணிப்பொறிக்குள் உள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்ளும். உலகப் பொதுநேரத்தைக் காட்டுவதாக லினக்சு கொள்ளும். லினக்சில் பணியாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கி நிற்கும். பகல் 1 மணி, காலை 7.30 ஆகத் தோன்றும். துறையின் கணிப்பொறியில் தொழுகை நேர மென்பொருளை வைத்திருப்போர் லுஹர் நேரத்தைத் தவறவிட்டுவிட வேண்டா! லினக்சில் ஒரேயொரு கட்டளையால் இதனைச் சீர்செய்துவிடலாம்.

இவையெல்லாம் ஒரு நாள் வேலை. எஞ்சுவது நீண்ட வேலை. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்ற நிரல்கள் உள்ளன. எனினும் பழைய முறையில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னர்த் தட்டச்சிடப்பெற்றிருக்கும். ஒருங்குறியில் அது பின்னர் வர வேண்டும். ஆகவே ஒகர ஓகார வரிசைகளில் பிழைகள் தங்கும். அல்லாஹ், ரஸூல், ஹதீஸ் போன்ற சொற்கள் பக்கந்தோறும் வருவதால் கிரந்த எழுத்துகளையும் தனியே ஒப்புநோக்க வேண்டும். மாணவர் இருவர், ஒருவர் பழைய தளத்தின் அச்சுப்படியைப் படிக்க, மற்றவர் புதிய திரையைப் பார்த்துவர, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அமர்ந்தால் ஒரு பருவத்தில் ஐந்தாறு நூல்கள் தேறும். ஐயுறும் இடங்களில், நூலை இரவல் தந்த இல்லங்களுக்கே சென்று, பாடலை ஓதக் கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் பாடம் கேட்டுத் திருத்தலாம். கடைசிக் கோப்பு படித்து முடிக்கப்பெறும்வரை பழைய பிரிவை யாரும் அழித்தல் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறியின் மேலேயே ஒட்டிவைக்கலாம்.